ஒரே கொடியில் இரண்டு இலை

கல்யாணமான புதிதில் என் கணவர் என்னை மலாக்கா டவுனுக்குப் படம் பிடிக்க அழைத்துப் போனார். சீனர் ஒருவர் நடத்திய கடை அது. எங்களை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு அவர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். என் கணவர் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நின்றார். நான் மட்டும் ஓரக்கண்ணால் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. யாரை அப்படி முறைக்கிறாய் என்று பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பார்கள். நான் யாரையும் முறைக்கவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் உயரமான முக்காலி ஒன்றில் கண்ணாடி பாட்டில் இருந்தது. அதில் மண் இல்லை, வெறும் தண்ணீர். தண்ணீருக்குள் வெள்ளை வேர்கள். மேலே வெற்றிலை போன்ற இலைகளோடு ஒரு கொடி, பச்சையில் மஞ்சளைத் தெளித்த நிறம். மண்ணே இல்லாமல் இது எதைத் தின்று பிழைக்கிறது என்ற யோசனையில் படத்துக்கு நிற்பதையே மறந்துபோயிருந்தேன்.

படம் பிடித்து முடிந்ததும் அந்தக் கொடியில் ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டேன். என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே கணுவோடு ஒரு முழம் ஒடித்து, "அம்பில் லா, அம்பில்" என்று கையில் கொடுத்தார். எடுத்துக்கொள்ளச் சொன்ன பிறகு எனக்கு என்ன வெட்கம்? ஈரக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சிம்பாங் அம்பாட் வரைக்கும் பஸ்ஸில் வந்தேன். அங்கிருந்து மாட்டு வண்டியில் தோட்டத்துக்கு. வழியெல்லாம் என் கணவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவர் அந்த ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணி. கணக்கெழுதுகிற வேலை. எங்களுக்குக் கொடுத்திருந்த வீடு கால்களின்மேல் நின்ற பலகை வீடு. முன்னால் நீளமான வராந்தா, அதற்கு எதிரே பாதையைத் தாண்டி ரப்பர் நாற்றங்கால். நான் டவுனில் பிறந்து வளர்ந்தவள். காலையில் அவர் ஆபீசுக்குப் போய்விட்டால் பொழுது நகராது. மூக்கை நுழைக்க ஏதாவது வேண்டும் எனக்கு. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து வந்த காலி பிராந்தி பாட்டிலில் கொடியை வைத்து ஜன்னலோரம் நிறுத்தினேன். அது வளர்ந்தது. வளர்ந்து வளர்ந்து ஜன்னலுக்குக் கீழே தொங்கியது. இலை மட்டும் வெற்றிலை அளவைத் தாண்டவே இல்லை. ஆபீஸ் பியூன் ஒருநாள் அவசரத்துக்கு ஒன்றைக் கிள்ளிப் பாக்கோடு மென்றுவிட்டு, வாயெல்லாம் அரிப்பெடுத்து அன்று முழுவதும் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

சிம்பாங் அம்பாட் போகிற வழியில் ஒரு கம்போங், மலாய்க்காரர் கிராமம், உண்டு. பாசாரில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அங்கே ஒரு தென்னை மரத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். மரத்தின் பாதி உயரத்துக்கு ஒரு கொடி ஏறியிருந்தது. ஒவ்வொரு இலையும் முறம் அளவு. இரண்டு பக்கமும் நடு நரம்பு வரைக்கும் யாரோ கத்தரிக்கோலால் வெட்டிவிட்டதுபோல் கிழிந்திருந்தது. ஆனால் பச்சையில் மஞ்சள் தெளித்த அதே நிறம். தண்டில் அதே வெள்ளைக் கோடுகள். மரத்தின் காலடியில் குனிந்து பார்த்தால் தரையில் ஓடிய கொடிகளில் என் பாட்டிலில் இருப்பதுபோலவே சின்ன இலைகள். சின்னதும் பெரிதும் ஒரே கொடிதானா, இல்லை இரண்டு கொடிகள் பின்னிக் கிடக்கின்றனவா? இழுத்துப் பார்க்கலாம் என்று கையை விட்டேன். சிவப்பெறும்பு பிடுங்கி எடுத்துவிட்டது. அந்த வீட்டில் இருந்த வயதான மலாய் மாச்சியிடம் எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். எப்போதோ யாரோ நட்டது, தனக்குத் தெரியாது என்று கையை விரித்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் சொன்னேன்.

"அது காட்டுக்கொடி, இது வீட்டுக்கொடி" என்றார். "நிறம் ஒண்ணா இருந்தா ஜாதி ஒண்ணாயிடுமா? உனக்கும்தான் வேற வேலை இல்ல."

"ஒண்ணுதான்னு நான் காட்டிட்டா?"

"காட்டு, பாக்கலாம். ரசம் ஊத்து."

அந்த ரசத்தை ஊற்றிய வேகத்திலேயே நான் என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். பாட்டில் கொடியை இரண்டாக வெட்டினேன். ஒரு துண்டை டின்னில் நட்டு உத்தரத்திலிருந்து தொங்கவிட்டேன். இன்னொன்றை மண்ணெண்ணெய்த் தகரத்தில் நட்டு, நடுவில் ஒரு கம்பத்தை ஊன்றினேன். ஒரே தாய்க்கொடி, ஒரே மண், ஒரே தண்ணீர். ஒன்று தொங்க வேண்டும், மற்றது ஏற வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏற வேண்டியது ஏறினால்தானே! முதலில் வைத்தது இழைத்த மரக்கம்பம். வழுக்கி வழுக்கி விழுந்தது. அடுத்து மூங்கில். அதுவும் அப்படியே. கணுவுக்குக் கணு பழுப்பு நிறத்தில் மருபோல ஒன்று கிளம்பும், கம்பத்தைத் தொடும், காய்ந்து உதிரும். திரும்பவும் கம்போங் தென்னையைப் போய்ப் பார்த்தேன். அங்கே அந்த மருக்கள் நீண்டு வேராகி, சொரசொரப்பான பட்டைக்குள் நுழைந்திருந்தன. மழை பெய்து ஓய்ந்த நேரம், பட்டை ஈரமாக இருந்தது. பிடிக்க இடமும் குடிக்க ஈரமும் இருந்தால்தான் மரு வேராகும் என்று அங்கே நின்று புரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து தேங்காய் மட்டையை ஊறவைத்து அடித்து, அந்த நாரைக் கம்பத்தில் கனமாகச் சுற்றினேன். அரிசி களைந்த தண்ணீரைத் தினமும் மேலிருந்து ஊற்றினேன்.

வேர் பிடிக்கும் வரைக்கும் கொடியைக் கம்பத்தோடு கட்டி வைக்க வேண்டும். சணல் தண்டை அறுத்தது. வாழைநார் அழுகியது. இந்த இடத்தில்தான் எதிரே இருந்த நாற்றங்கால் என் கதைக்குள் வருகிறது.

ரப்பரில் ஒட்டுக் கட்டுகிற வேலை எங்கள் தோட்டத்துக்கு அப்போது புதிது. நிறையப் பால் தருகிற மரத்திலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு எடுத்து, சாதாரணக் கன்றின் பட்டையைக் கீறி உள்ளே வைத்து, மெழுகில் தோய்த்த துணிக்கீற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். சில வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார்கள். மொட்டு பச்சையாக இருந்தால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். பிறகு கன்றின் தலையை வெட்டிவிட்டால் அந்த மொட்டிலிருந்து புது மரம் கிளம்பும். கட்டிய இடத்தில் தழும்பு மட்டும் என்றைக்கும் இருக்கும். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் எல்லாருக்கும் இதே பேச்சுதான். கீழே ஒரு மரம், மேலே ஒரு மரம் என்று சொல்லிச் சொல்லி அதிசயப்படுவார்கள்.

நான் நாற்றங்கால் வேலியோரம் போய் நின்றுவிடுவேன். ஒட்டுக் கட்டியவர்களில் ஒருவர் வேலிக்குப் பக்கத்து வரிசையில் குந்தி வேலை செய்வார். ஒல்லியானவர், அதிகம் பேசாதவர், என்னைவிட இரண்டொரு வயது சின்னவராக இருக்கலாம். ஏன் கீழேயிருந்து மேலே கட்டுகிறாய், மொட்டைத் தலைகீழாக வைத்தால் என்ன ஆகும், இரண்டு வேறு மரமும் சண்டை போடாதா என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். "தண்ணி எறங்காம இருக்கும்மா." "பிடிக்காதும்மா." "தெரியலம்மா." இதற்குமேல் அவர் வாயிலிருந்து வராது. அவிழ்த்துப் போட்ட மெழுகுக் கீற்றுகள் தரையில் கிடப்பதைப் பார்த்து, எனக்குக் கொஞ்சம் தருவாயா என்று கேட்டேன். குப்பையில் போகிறதுதானே என்று வேலை முடிந்து போகும்போது ஒரு கைப்பிடி கொண்டுவந்து வராந்தாப் படியில் வைப்பார். மெத்தென்று இருக்கும், அழுகாது, தண்டை அறுக்காது. அவர் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை என்று சொன்னதால் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினேன். எங்களுக்குள் இருந்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான்.

கொடி பிடித்துக்கொண்டது. வேர்கள் நாருக்குள் இறங்கின. அதற்குப் பிறகு நடந்ததை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். புது இலை ஒவ்வொன்றும் சுருட்டிய பீடிபோல் வரும், விரிந்தால் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வெற்றிலை அளவு உள்ளங்கை அளவாயிற்று. பலகாரத் தட்டை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு சோற்றுத் தட்டும் போதவில்லை. உத்தரத்தில் தொங்கிய சகோதரியோ நீளநீளமாக வளர்ந்து, இலையை மட்டும் சின்னதாக்கிக்கொண்டே போனாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்பம் முடிந்த இடத்தில் இன்னொரு கம்பத்தை வைத்துக் கட்டி, நாரைச் சுற்றிக் கூரைவரைக்கும் உயர்த்தினேன். காலையில் எழுந்ததும் முக்காலிமேல் ஏறி மேல்நுனியைப் பார்த்த பிறகுதான் அடுப்பு.

ஒருநாள் விரிந்த இலையின் ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்தது. என் கை பட்டுக் கிழிந்துவிட்டதோ என்று பயந்தேன். அடுத்த இலையைத் தொடவே இல்லை. அது தானாக விரிந்தது. இரண்டு பக்கமும் கிழிசல். நான் போட்ட சத்தத்தில் என் கணவர் முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தார். கீழே குனிந்து சின்ன இலைகளையும் பார்த்தார்.

"சரி, ஒண்ணுதான்" என்றார். "ஆபீஸ்ல போய்ச் சொல்லிக்கிட்டுத் திரியாதே."

நான் சொல்லவில்லை. ஆனால் வராந்தாவில் இருப்பதை எப்படி மறைப்பது? லயத்திலிருந்து பெண்கள் வந்து பார்த்தார்கள். கீழே சின்ன இலை, மேலே முறம் போன்ற கிழிந்த இலை, நடுவில் ஒட்டுத்துணி. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள். கிராணியம்மா வீட்டில் கொடிக்கு ஒட்டுக் கட்டியிருக்கிறது! இல்லை, இது தானாக வளர்ந்தது என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். "நம்பிட்டோம்மா" என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாதக்கணக்கில் நான் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை ஒரு கத்திக் கீறலில் வந்ததாகச் சொன்னால் யாருக்குத்தான் வராது?

கோபத்தைவிடப் பெரிய சங்கடம் பின்னாலேயே வந்தது. ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. மாதாமாதம் சில குடும்பங்களை ஆள் குறைப்பென்று சொல்லி நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சின்னத் தப்பு செய்தவனுக்கு முதல் சீட்டு. தோட்டத்துக் கத்தியையும் துணியையும் வேலை நேரத்தையும் வேறொருவர் வீட்டுக்குச் செலவழிப்பதோ சின்னத் தப்பே இல்லை, பெரிய தப்பு. வெளிவேலையை மேற்பார்க்கிற பெரிய கண்டக்டரின் காதுக்கு இந்த ஒட்டுச் செய்தி போயிற்று. நாற்றங்கால் அவர் பொறுப்பு. அவருக்குத் தெரியாமல் அவர் ஆள் கிராணி வீட்டில் வேலை செய்தான் என்றால் அவருக்கு அது மானப் பிரச்சினை.

வெள்ளையடிக்க வேண்டிய வீடுகளைப் பார்க்கத் துரை சுற்றுக்கு வந்த காலையில், கண்டக்டர் அவரை நேராக எங்கள் வராந்தாவுக்கே கூட்டி வந்துவிட்டார். பின்னாலேயே அந்த ஒட்டுக்கட்டுகிறவரையும் வரச் சொல்லியிருந்தார். அவர் இடுப்பில் செருகிய கத்தியோடு படிக்குக் கீழே நின்றார். ஆபீசிலிருந்து என் கணவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

"கொடிக்கு ஒட்டு, தொரை. நம்ம துணி. நம்ம ஆளு" என்றார் கண்டக்டர். பிறகு படிப்பக்கம் திரும்பி, "டேய், நீதானே கட்டினே?" என்றார்.

ஒட்டுக்கட்டுகிறவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேக்குறேன்ல? கட்டினியா, இல்லையா?"

பதில் இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அவர் மனைவிக்கு நிறைமாதம். இந்த மாதக் கப்பலில் ஏற்றிவிட்டால் அந்தப் பெண் நடுக்கடலிலா பிள்ளை பெறுவாள்? சொல்லேன், வாயைத் திறந்து சொல்லேன் என்று நான் கண்ணாலேயே அவரை உலுக்கினேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் தரையைப் பார்த்தார்.

"யாரும் ஒட்டுக் கட்டல, தொரை" என்றேன் நான். "தானா வளந்தது. ஒரே கொடி."

துரை தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர். கீழேயும் மேலேயும் பார்த்தார். "ஒரே கொடியில் ரெண்டு மாதிரி இலை எப்படி? ஒட்டு எங்கே, காட்டு" என்றார்.

கண்டக்டர் நடுவிலிருந்த ஒரு துணிக்கீற்றை அவிழ்த்தார். முன்பக்கம் தழும்பில்லை. பின்பக்கம் நாருக்குள் புதைந்திருந்தது, வேர்கள் மூடியிருந்தன. "பின்னால இருக்கும், தொரை" என்றார். அடுத்ததை அவிழ்த்தார். அங்கேயும் அதே கதைதான். தண்டை எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டுமானால் கம்பத்திலிருந்து பிய்த்தெடுக்காமல் முடியாது. பிய்த்தால் என்ன ஆகும் என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நான் கழட்டிக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு முக்காலிமேல் ஏறினேன். என் கணவர், "வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கும் அந்தக் கொடிமேல் ஆசை வந்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மேல்நுனியிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு கணுவுக்கும் வேர்கள் நாரோடு சேர்ந்து பிய்ந்து வந்தன. பழைய துணியைக் கிழிப்பதுபோல் சத்தம். கண்ணில் தண்ணீர் முட்டியது. கீழே வரைக்கும் பிய்த்து, கொடி முழுவதையும் வராந்தாப் பலகையில் நீளமாகக் கிடத்தினேன். பிறகு ஈரத்துணியால் தண்டைத் துடைத்துக்கொண்டே போனேன். கீழே பென்சில் கனம். போகப் போகக் கனத்து, மேலே கட்டைவிரல் கனம். எங்கேயும் வெட்டுக் கிடையாது, தழும்பு கிடையாது. சின்ன இலை, அதைவிடக் கொஞ்சம் பெரிய இலை, அதைவிடப் பெரியது என்று வரிசையாக ஒரே தண்டில் படுத்துக் கிடந்தன.

துரை முட்டி போட்டு உட்கார்ந்தார். ஒரு விரலைத் தண்டின்மேல் வைத்துக் கீழேயிருந்து மேலே போனார். திரும்பவும் கீழே வந்தார். ஒரு கிழிந்த இலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த துரைத்தனம் எங்கேயோ போய்விட்டது. டவுனில் பாட்டிலைப் பார்த்து நின்ற நாளில் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"ஒட்டு இல்லே" என்றார். "ஆச்சரியம்." எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, படிக்குக் கீழே நின்றவரைப் பார்த்து, "போ, வேலை பாரு" என்றார்.

அவர்கள் போன பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த ஒட்டுக்கட்டுகிறவர் வீட்டு அடுப்பு அணையவில்லை என்ற நிம்மதி. அப்புறம் பலகையில் கிடந்ததைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதேன். திரும்பத் தூக்கிக் கட்டினோம். பிய்ந்த வேர் பிய்ந்ததுதான், மறுபடி ஒட்டவில்லை. பெரிய இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுந்தன. நுனி கம்பத்தை விட்டு விலகி வராந்தாப் பக்கம் தொங்கியது. அந்தத் தொங்கிய நுனியில் வந்த புது இலையில் கிழிசல் இல்லை. அதற்கு அடுத்தது இன்னும் சின்னது. பின்னாலேயும் போகுமா இது என்று எனக்கு மறுபடியும் ஆசை பிறந்துவிட்டது. பலகாரத் தட்டை எடுத்து வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வைத்து அளந்து பார்த்தேன். வெற்றிலை அளவுக்குத் திரும்பி வந்துதான் நின்றது.

பிள்ளை பிறந்து சில வாரம் ஆன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஒட்டுக்கட்டுகிறவர் தோளில் ஒரு கட்டுத் தேங்காய் நாரோடு வந்தார். கேட்காமலே கம்பத்தைப் பிடுங்கிப் பழைய நாரை உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்ற ஆரம்பித்தார். நான் நாரைக் கட்டுகிற கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். மனதில் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"அன்னைக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா வெச்சிருந்தே? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. "நான் கட்டலன்னா, அப்ப யார் கட்டினதுன்னு கேப்பாங்கம்மா."

"யாரும் கட்டலன்னு சொல்றது!"

"நீங்க கட்டினீங்கன்னுதாம்மா நான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்." கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "வேலியோரம் நின்னு அத்தனையும் கேட்டீங்க. துணியும் கேட்டு வாங்கினீங்க. பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டீங்கன்னு நெனச்சேன். வெளிய வந்தா ஐயாவுக்கு வேலை போயிடும்ல?"

"அட பைத்தியக்காரா, உன்னைக் கப்பல்ல ஏத்தியிருப்பாங்களே!"

"ஏத்தியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குக் கையை நீட்டினார்.

நிறைமாதக்காரியை லயத்தில் வைத்துக்கொண்டு, நான் செய்யவே செய்யாத ஒரு தப்பை எனக்காக மறைத்து, அந்த மனிதர் துரைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். கயிற்றைத் தளரவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.